வாங்கிக் கட்டிக்கொண்டவன்

எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் விடுப்பில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்திருந்த டாக்டரம்மாவின் மேஜைக்கு ஃபைல் இன்னும் வந்து சேரவில்லை. எதிரே கண்ணாடி போட்ட தலைமையாசிரியை. பக்கத்தில் தோள்வரை தொங்கும் முடியும், காதில் கடுக்கனுமாக அவருடைய மகன்.

"எச்.ஐ.வி. மாத்திரை ஒழுங்கா போகுதா?"

"ஒரு நாள் தவறினதில்ல" என்றார் தலைமையாசிரியை. "ரத்தத்துல கிருமியே தெரியலன்னு போன மாசம் சொன்னாங்க. இந்த இருமல்தான் விடமாட்டேங்குது."

"புகைப் பழக்கம் உண்டா?"

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கஞ்சா. தூக்கம் வரும்னு யாரோ சொன்னதுல ஆரம்பிச்சது."

டாக்டரின் பார்வை கடுக்கனில் போய் நின்றது.

"ஏன் தம்பி, மாத்திரை கிருமியத்தான் அடக்கும். அந்தப் புகை நுரையீரலுக்குள்ள பண்ற அட்டூழியத்த யார் அடக்குறது? எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கு நெஞ்சுச்சளியும் நிமோனியாவும் சட்டுனு ஒட்டிக்கும். பெத்தவங்கள ஒரு நிமிஷம் நினைச்சுப் பாத்தீங்களா?"

மகன் அம்மாவைப் பார்த்தான். அம்மா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

"தப்புதான் டாக்டர். இனிமே அந்தப் பொட்டலம் வீட்டுக்குள்ள வராது" என்றான்.

"நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுங்க டாக்டர்" என்றார் அம்மா.

டாக்டர் மூச்சை அளக்கும் கருவியின் குழாயை அவனிடம் நீட்டினார். "எங்க, பலமா ஊதுங்க பாப்போம்."

அவன் அதை வாங்கி அம்மாவின் கையில் வைத்தான்.

"திட்டு முழுசையும் நானே வாங்கிட்டேன். ஊதறதையாவது நீ ஊதும்மா."