பாப்பாவுக்கு ஒரு சட்டை

செத்துப்போன மனுஷனின் அழுக்குச் சட்டையைக் கேட்டுக்கொண்டு ஒருத்தன் வாசலில் வந்து நின்றால் யார்தான் உட்காரச் சொல்வார்கள்?

ஜெபசீலன் நின்றுகொண்டேதான் பேசினான். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பைக்கில் வந்து, லிஃப்ட் ஓடாத பெரும்பாக்கம் குடியிருப்பில் ஏழு மாடி ஏறியிருந்தான். மூச்சு வாங்கியது. தண்ணீர் வேண்டுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

"அதான் அன்னிக்கே ஒரு சட்டை குடுத்தேனேப்பா. இன்னும் இன்னா வேணும் உனக்கு?" என்றாள் பச்சையம்மா.

அவள் புருஷன் குப்புராஜும் ஜெபசீலனும் மிருகக்காட்சி சாலையில் கரடிகளைப் பார்த்துக்கொண்டவர்கள். கூண்டு கழுவுவது, கூழ் காய்ச்சுவது, பழம் நறுக்குவது எல்லாம் இரண்டு பேரும்தான். போன வாரம் படுக்கப் போன குப்புராஜ் காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

கரடிகளில் பாப்பா என்று ஒரு கிழடு. தெருவில் வித்தை காட்டிக்கொண்டிருந்தவனிடமிருந்து மீட்டுக் கொண்டுவந்தது. கண் இரண்டும் தெரியாது. குப்புராஜின் வேர்வை வாசம் ஒன்றை நம்பித்தான் அது உயிர் வாழ்ந்தது. அவர் வந்து கம்பியோரம் நின்று, அது அவரை நன்றாக மோப்பம் பிடித்த பிறகுதான் கேழ்வரகுக் கூழில் வாய் வைக்கும்.

அவருக்கு லீவு என்றால், முந்தின நாள் போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கம்பியில் கட்டிவிட்டுப் போவார். அதை முகர்ந்துவிட்டுச் சாப்பிடும். அதனால் அவர் லீவு போட்டதே ஜெபசீலனுக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை.

இப்போது அவர் போனதிலிருந்து பாப்பா வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடக்கிறது. டாக்டர் கையை விரித்துவிட்டார். ட்ரிப்ஸ் ஏற்ற மயக்க ஊசி போடவேண்டும், இந்த உடம்புக்கு அந்த ஊசியே எமன் என்றார்.

முதல் தடவை வந்தபோது துக்க வீட்டில் கரடிக் கதையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஞாபகத்துக்கு அண்ணனோட காக்கிச் சட்டை ஒன்று வேண்டும் என்று மட்டும் கேட்டான். பச்சையம்மாவும் மரியாதையாகத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். பாப்பா ஆசையாகத்தான் மூக்கைக் கொண்டுவந்தது. சோப்பு வாசம் அடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

ஆகவே இன்றைக்கு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். துவைக்காத சட்டை ஒன்று கிடைத்தால் போதும், அதைக் காட்டிக் காட்டியே மெதுவாக என் கைக்குப் பழக்கிவிடுவேன் என்றான்.

பச்சையம்மா தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லப்பா. அல்லாத்தையும் தொவைச்சுட்டேன்."

பக்கத்தில் நின்ற மகள் கீதாவின் கண் பீரோ பக்கம் போய்த் திரும்பியது. மிருகங்களோடு பழகுகிறவனுக்கு அது போதும். இருக்கிறது, கொடுக்க மனசில்லை.

ஏன் மனசில்லை என்றும் அவனுக்குத் தெரியும். பண்டிகை நாளில்கூடக் குப்புராஜ் வீட்டில் தங்கமாட்டார். அந்தக் கரடிதான் என் சக்களத்தி என்று பச்சையம்மா கரித்துக்கொட்டுவதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆள் போன பிறகும் ஒரு குருட்டுக் கரடியோடு போட்டியா? அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துக்க வீடு என்றும் பார்க்கவில்லை.

"அக்கா, அது மேல உங்களுக்கு என்ன கோவம்னு எனக்குத் தெரியும். ஆனா அது பட்டினியா கிடந்து செத்துச்சுன்னா, அண்ணன் உங்களை மன்னிக்கவே மாட்டாரு."

கீதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பச்சையம்மா கையைக் காட்டி அடக்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பீரோவைத் திறந்து, வாயை இறுக்கி முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே காக்கிச் சட்டை, காலரில் அழுக்கு அப்படியே இருந்தது.

"கடசியா போட்டுக்கினு வந்தது," என்றாள். "சும்மா சும்மா தொறக்காத. காத்து பூந்தா வாசம் பூடும். அது மோந்ததும் முடிச்சுப் போட்டு வெச்சுடு."

கவரை நீட்டிய கை உடனே விடவில்லை. ஜெபசீலன் கொஞ்சம் இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அதுவும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. கேட்கிற விதத்தில் கேட்டால்தான் சிலருக்கு இரக்கம் வரும் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினான்.

இரண்டு மாடி இறங்கியிருப்பான். கீதா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அண்ணா, பாப்பா சாப்ட்டா ஒரு போன் பண்ணுங்க. அம்மா கேட்கச் சொன்னாங்க."

"பண்றேன்மா. அவ்வளவு அக்கறை இருக்கிறவங்க இதை முதல்லயே குடுத்திருக்கலாம். அது பாவம், ஒரு வாரமா பட்டினி."

கீதா அவன் கையிலிருந்த கவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா போனதுலேர்ந்து எங்கம்மாவும் அப்படித்தாண்ணா. அந்தக் கவரைத் தொறந்து மோந்து பாத்தாதான் ரெண்டு வாய் கஞ்சியே உள்ள எறங்கும்."