கை காட்டியது யாருக்கு?

“நிக்கத்தான் வந்தேன் சார். அந்தம்மாதான் அவங்க கார்லேர்ந்து ‘போங்க’ன்னு கையைக் காட்டினாங்க. போனேன், இடிச்சிட்டாங்க!”

டாக்ஸி டிரைவர் இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். இந்த வழக்கும் தன் தலையில் விழுந்தால் லைசென்ஸ் போய்விடும்.

“நாலு ரோடு சந்திப்புல, ஸ்டாப் போர்டுகிட்ட முதல்ல வந்து நின்னது அவங்க கார். முதல்ல நின்னவங்களுக்குத்தான் வழி,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அவங்களே விட்டுக்கொடுத்தா? கையைக் காட்டினாங்களா இல்லையா, கேளுங்க சார்!”

எதிரே உட்கார்ந்திருந்த பெண் வாயே திறக்கவில்லை. டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பாருங்க, கல்லு மாதிரி உக்காந்திருக்காங்க. பதில் இருந்தாத்தானே பேசுவாங்க!”

“கொஞ்சம் பொறுங்கய்யா. இவங்க பொண்ணு கட்டுப் போட்டுக்கிட்டு வரட்டும்.”

நெற்றியில் கட்டோடு சிறுமி உள்ளே வந்தாள். டிரைவர் சொன்னதை இன்ஸ்பெக்டர் அவளிடம் சொல்ல, அவள் அம்மா பக்கம் திரும்பிக் கைகளை அசைத்தாள். அம்மாவின் விரல்கள் வேகமாக அசைந்தன. அவள் கவனமாகப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“அம்மாவுக்குக் காது கேக்காது, பேசவும் வராது அங்கிள். கையைக் காட்டினது இவருக்கு இல்ல, எனக்கு.”

“உனக்கா? என்னம்மா சொன்னாங்க?”

“டாக்ஸி வேகமா வருதேன்னு நான் பயந்தேன். ‘பயப்படாதே, அவர் நின்னுடுவார்’னு சொன்னாங்க.”