கொம்பு அழைத்த மதியம்

பெப்பா ஊதினால் ஜுனாலி ஓடிவர வேண்டும். திகந்தாவோடு அதுதான் பேச்சு.

எருமைக் கொம்பில் ஒற்றை மூங்கில் நாக்கு செருகிய சின்ன வாத்தியம்; இடுப்புத் துண்டில் சொருகிக்கொண்டு எங்கும் போகலாம். நெஞ்சில் மூச்சும் முகத்தில் கொஞ்சம் வெட்கமின்மையும் உள்ளவனுக்குத்தான் அது பொருந்தும் என்பார்கள். திகந்தாவுக்கு இரண்டும் இருந்தன. பிஹு திருவிழா நாட்களில் வயலெங்கும் கொம்புகள் அலறும்போது, அவனுடையதை ஜுனாலி கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். அவனுக்கு அவன் அப்பன் கொடுத்த கொம்பு. அடித்தொண்டையில் லேசாக விம்மும்.

பிஹுவில் பெண்ணை அழைத்துக்கொண்டு போவது ஊருக்குப் புதிதல்ல. கொஞ்ச நாள் திட்டுவார்கள், பிறகு விருந்து வைப்பார்கள். ஜுனாலியின் அம்மா ரேபதி மட்டும் கறார். காலையில் தறியை விட்டு எழாமலே மகளிடம் சொன்னாள்:

"எவன் ஊதினாலும் தலையத் தூக்கிப் பாக்கக் கூடாது. ஊதுறவனுக்கு மூச்சு இருக்கும், புத்தி இருக்காது."

மதியம் அப்பா தயிரும் அவலும் வயிறுமுட்டத் தின்றுவிட்டுக் குறட்டை விட்டார். அம்மா நூல் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். பிரம்மபுத்திராக் கரையில் கொம்பு விம்மியது.

ஜுனாலி துணிமூட்டையை எடுத்துக்கொண்டு பாக்குத் தோப்பு வழியே ஓடினாள். வேலியில் பாவாடை கிழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

படகுத்துறையில் ஊதிக்கொண்டிருந்தது திகந்தா இல்லை.

அவன் அப்பா பதுமேஸ்வர். பெண்டாட்டி செத்துப் பல வருஷமான படகோட்டி. நரைத்த தலையைச் சாய்த்து, மகன் ஊதும் அதே அழைப்பை ஊதினார்.

கொம்பைத் தெரிந்து வைத்திருந்தாளே தவிர, மூச்சைத் தெரிந்து வைத்திருக்கவில்லை.

விஷயம் தெரிந்து, மகனிடமிருந்து கொம்பைப் பிடுங்கி, தன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் ஊதுகிறார் என்று நினைத்தாள். மானம் போயிற்று. இனி திகந்தாவும் இல்லை. திரும்பி ஓடப் பார்த்தாள்.

எதிரே மூச்சிரைக்க அம்மா ஓடிவந்தாள்.

தன்னைத் தேடித்தான் என்று ஜுனாலி மூட்டையைப் பின்னால் மறைத்தாள். ஆனால் அம்மாவின் கையிலும் ஒரு மூட்டை இருந்தது. கொண்டையில், பிஹு ஆடும் குமரிகள் வைக்கும் பூ.

கொம்பு நின்றது.

ரேபதி மகளின் மூட்டையைப் பார்த்தாள். எல்லாம் புரிந்த மாதிரி அவள் கன்னத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு, பதுமேஸ்வரின் படகில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ வீட்டுக்குப் போ, மாஜனி கண்ணு. அப்பா எந்திரிச்சதும் டீ கேப்பாரு. வீட்டுல ஒருத்தியாவது இருக்கணும்ல."