கோட்டு போட்டவர்

"அன்னைக்கு அப்பா வெப்பமானியை உடைச்சிட்டாரா, இல்ல மாத்தினாரா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா, நான் கணக்கை முடிச்சிட்டுக் கிளம்புறேன்" என்றாள் கனாயே.

அம்மா ஃபுசாயே காதில் விழாத மாதிரி முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரியின் நடுத்தட்டிலிருந்து தேயிலை டப்பாவை எடுத்தாள். வெளியே ஹொக்கைடோவின் ஜனவரிப் பனி பாதி ஜன்னல் வரை ஏறியிருந்தது.

கனாயேக்கு டோக்கியோ பக்கம் ஒரு பருவநிலை ஆய்வகத்தில் வேலை. பழைய வானிலைக் குறிப்புகளைச் சலித்து, பிழையைத் தள்ளி, தேறியதைக் கணினிக்குக் கொடுப்பாள். இந்த முறை அவள் மேசைக்கு வந்தது அவளுடைய அப்பா டெட்சுரோவின் கணக்கு. வானிலை ஆபீசுக்காக வீட்டிலேயே அவர் நடத்திய சின்ன நிலையம் அது: கொல்லையில் கால் நட்டு நிறுத்திய வெள்ளை மரப்பெட்டி, உள்ளே வெப்பமானி, தினம் காலை ஒன்பது மணி. நாற்பது வருஷத்தில் ஒரு நாள்கூட விடுபடவில்லை.

அதில் ஓர் இடம் மட்டும் உறுத்தியது. 1984 பிப்ரவரி மூன்றிலிருந்து ஐம்பத்திரண்டு நாள், அக்கம்பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டால் 0.3 டிகிரி கூடுதல். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போலப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. காரணம் கிடைக்காவிட்டால் நாற்பது வருஷத்தையும் 'நம்ப முடியாதது' என்று தள்ளிவிட வேண்டியதுதான். தள்ள வேண்டியவளும் அவளேதான்.

பிப்ரவரி மூன்று அவளுக்கு மறக்கிற தேதியா என்ன? முந்தின நாள் சாயங்காலம்தான் ஏரியில் உறைந்திருந்த பனிக்கட்டி உடைந்து அண்ணன் இசாமு உள்ளே போனான். பதினாலு வயது. மறுநாள் அவனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பதினோரு வயது கனாயேயை பக்கத்துவீட்டு அத்தையிடம் விட்டிருந்தார்கள்.

சரியாக ஒன்பது மணிக்கு அத்தை வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். கொட்டும் பனியில் அப்பாவின் கறுப்புக் கோட்டு, தலையை மூடிய தொப்பியோடு, பெட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கோட்டின் விளிம்பு இழுபட்டுப் பனியில் கோடு விழுந்தது.

பெற்ற பிள்ளை பிணமாகக் கிடக்க, டிகிரி பார்க்கப் போன மனுஷன்! மார்ச் கடைசி வரை வீட்டுப் பக்கமே வரமாட்டேன் என்று அடம் பிடித்தாள். உள்ளே ஏதோ அன்றைக்கு மரத்துப்போனது, அப்படியே இருந்துவிட்டது. போன அக்டோபரில் அப்பா செத்தபோதும் வந்தாள், ஊதுபத்தி ஏற்றினாள், ரயிலைப் பிடித்துப் போனாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒன்றுமே இல்லை.

"உடையவும் இல்ல, மாத்தவும் இல்ல" என்றாள் அம்மா, வெந்நீரை ஊற்றிக்கொண்டே. "விட்டுடேன்டி. போய்ச் சேர்ந்தவரோட கணக்கு."

"விட முடியாதும்மா. எனக்கு அவர் மேல வன்மம் ஒண்ணுமில்ல. மனுஷன் கல்லு மாதிரி இருந்தாரு. கணக்காவது கல்லு மாதிரி நிக்க வேணாமா?"

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். "வெப்பமானி மாறாமலே கணக்கு மாறுமா?"

"மாறும். கண்ணு நேரா இருக்கணும். அண்ணாந்து பாத்தா கூடுதலாத் தெரியும், மேலேருந்து பாத்தா குறைச்சலாத் தெரியும். ஆனா அப்பாவுக்குப் போய் யாரு பாடம் எடுக்கிறது? ஆறடி ஆளு, இந்த வாசல்ல தினம் தலையை இடிச்சுக்குவாரு. பெட்டி முன்னாடி மட்டும் அளவெடுத்த மாதிரி குனிவாரு."

அம்மா எழுந்து பூட்ஸை மாட்டினாள். "வா."

கொல்லையில் பனியை ஒதுக்கிய ஒற்றையடிப் பாதை. நிலையம் எப்போதோ தானியங்கியாகிவிட்டது. பெட்டியை மட்டும் அப்பா கடைசி வரை வெள்ளையடித்து வைத்திருந்தார். அம்மா அதன் கதவைத் திறந்தாள்.

"நீ பாரு."

கனாயே குனிந்து பார்த்தாள். "மைனஸ் 4.4."

"நகரு." அம்மா அதே இடத்தில் போய் நின்று, குதிகாலை உயர்த்தி, மோவாயைத் தூக்கிப் பார்த்தாள். "எனக்கு மைனஸ் 4.1."

கழித்துப் பார்க்கக் கனாயேக்குக் கணினி தேவைப்படவில்லை.

"பிள்ளை போனதுலேருந்து மார்ச் கடைசி வரை அவரு படுக்கையை விட்டு எந்திரிக்கல. நாந்தான் பாத்து எழுதறேன்னு தெரிஞ்சா ஆபீஸ்ல நிலையத்தையே மூடிடுவாங்களேன்னு பயம்" என்றாள் அம்மா, பெட்டியைப் பார்த்தபடியே. "உன்கிட்டயாவது சொல்றேன்னேன். கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. 'எங்கப்பா ஒரு நாள்கூட விட்டதில்ல'ன்னு ஸ்கூல் பூரா நீ பீத்திக்குவியாமே, அதைக் கெடுத்துடாதேன்னாரு."

"அப்ப நான் ஜன்னல்ல பாத்தது..."

அம்மா பெட்டிக் கதவைச் சாத்தினாள்.

"கோட்டு அவரோடது. ஆளு நான்."