நாற்பது நிமிடச் சோதனை

"அண்ணா, அந்த ஊசிநூல் மறுபடியும் எழுதியிருக்கான்."

அலுவலகத்தின் நான்காவது மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றபடி அவள் போனில் மெல்லப் பேசினாள். மதியச் சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறக்கவே மனம் வரவில்லை.

"இன்னைக்கு என்னவாம்?" என்றார் அண்ணன்.

"அதே பாட்டுதான். மெதுவா ஓடுற சேவையையே எடுங்கன்னு. இந்த வாரத்துல இது ஒன்பதாவது தடவை."

ஆறு வருடங்களுக்கு முன் அண்ணனும் தங்கையும் விளையாட்டாக எழுதிய சின்ன நிரல் அது. தேதி, மணி, நிமிடம் எல்லாவற்றையும் பிசகாமல் கணக்குப் போட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தமும் அனுப்பலாம் என்று இணையத்தில் போட்டு வைத்தார்கள். எவரெவரோ எடுத்துக்கொண்டார்கள். யார், எதற்கு என்று இருவருக்கும் தெரியாது.

யாராவது ஒரு வரியை மாற்றினால் போதும், உடனே நிரல் முழுவதையும் ஓட்டிப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்ல ஒரு தானியங்கிச் சோதனைச் சேவை இருந்தது. இன்று மாலை நான்கு மணியோடு அதை நிறுத்தப்போவதாக நடத்துபவர்கள் அறிவித்துவிட்டார்கள். அதற்குள் வேறொன்றைப் பிடித்தாக வேண்டும்.

அகப்பட்டவை இரண்டு. ஒன்று ஐந்தே நிமிடத்தில் முடிவு சொல்லும். ஊரே அதைத்தான் பயன்படுத்துகிறது. மற்றது சில ஆர்வலர்கள் சேர்ந்து நடத்துவது. பெரிய கணினிகளில் மட்டுமல்லாமல், உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிக் கருவிகளிலும் நிஜமாகவே ஓட்டிப் பார்க்கும். ஆனால் ஒரு கமாவை மாற்றினாலும் நாற்பது நிமிடம் தேவுடு காக்க வேண்டும். அண்ணன், தங்கை இருவருக்கும் முதலாவதுதான் பிடித்திருந்தது. இந்த ஊசிநூல் மட்டும் குறுக்கே விழுந்து மறித்தான்.

யார் அவன்? எட்டு மாதங்களுக்கு முன் அந்தப் புனைபெயரில் வந்து சேர்ந்தான். முதலில் அரிச்சுவடி தெரியாதவனைப் போலக் கேள்வி கேட்டான். பிறகு, வருடத்தின் கடைசி நாளில் கணக்கு ஒரு மணி நேரம் பிசகுவதைக் கண்டுபிடித்துச் சொன்னான். அண்ணனே கவனிக்காமல் விட்ட பிழை. சல்லிக்காசு பெயராத வேலைக்கு ஒருவன் இப்படி மெனக்கெடுவானா?

அவளைப் பயமுறுத்தியது இன்னொரு விஷயம். புதிய பதிப்பை வெளியிடும் சாவியையும் சோதனைச் சேவையிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அது கெட்டவன் கையில் சிக்கினால், இந்த நிரல் இருக்கும் அத்தனை கணினிகளுக்குள்ளும் அவன் நுழைந்துவிடலாம். பழியெல்லாம் இவர்கள் தலையில் விடியும்.

"ஆதாயம் இல்லாம எவனாவது ஆத்துல இறங்குவானா அண்ணா? ஒண்ணு, அந்தச் சேவைக்காரங்களோட ஆளா இருக்கணும். இல்லைன்னா திருடனா இருக்கணும்."

அண்ணன் யோசித்தார். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று விரட்ட வேண்டாம், ஒரு தடவை பேசிப் பார்த்துவிடு என்றார். பேச்சு கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பது அவர் கணக்கு.

அவள் தன் எண்ணை அனுப்பி, உடனே அழைக்கும்படி எழுதினாள். பதில் இல்லை. வேலையில் கை ஓடவில்லை. மேலாளர் கேட்ட அறிக்கையில் போன மாதத் தேதியைப் போட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். மூன்று மணி ஆயிற்று. மூன்றரையும் ஆயிற்று. பேசப் பயப்படுகிறான், சந்தேகமே இல்லை. ஐந்து நிமிடச் சேவையின் பக்கத்தைத் திறந்து விவரங்களை நிரப்பினாள். ஊசிநூலை ஒரேயடியாக விலக்கி வைப்பதற்கான பக்கத்தையும் திறந்து தயாராக வைத்தாள்.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. படிக்கட்டுக்கு ஓடினாள்.

மறுமுனையில் ஒரு பெண் குரல். பின்னால் கடகடத்துக்கொண்டிருந்த ஏதோ இயந்திரம் நின்றது.

"ஊசிநூல் நான்தாங்க. கடையில ஆள் இருந்தாங்க, அதான் உடனே கூப்பிட முடியல. மன்னிச்சுக்குங்க."

இதுவரை ஊசிநூலை ஆண் என்றே அவள் நினைத்திருந்தாள். சமாளித்துக்கொண்டு, எந்த நிறுவனத்துக்காகப் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். நிறுவனமெல்லாம் எதுவும் இல்லை, சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன், நிரல் எழுதுவதையே போன வருடம்தான் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்றாள் அந்தப் பெண். தைப்பவளுக்கு இந்த நிரல் எதற்கு? தங்கையின் சந்தேகம் இரட்டிப்பானது. கேட்கக் கேட்கப் பொய்தான் வளரும் என்று தோன்றியது.

"நாங்க அஞ்சு நிமிஷச் சேவையைத்தான் எடுக்கப்போறோம். முடிவு பண்ணியாச்சு," என்றாள் கறாராக.

அந்தப் பக்கம் கத்தரிக்கோலை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"சரிங்க, உங்க இஷ்டம். ஒரே ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. அடுத்த தடவை எதையாவது மாத்தினா, முன்கூட்டியே எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அன்னைக்கு என் மகளை ஸ்கூலுக்கு அனுப்பாம, என் கண் முன்னாலயே வெச்சுக்கறேன்."

"உங்க மகளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். சொன்னா நீங்க பயந்துபோய் இதை அப்படியே விட்டுடுவீங்களோன்னு..." அந்தப் பெண் மூச்சை இழுத்து விட்டாள். "அவளுக்கு எட்டு வயசு, சர்க்கரைங்க. அவ இடுப்புல கட்டியிருக்கிற குட்டி மெஷின், எந்த நேரத்துக்கு எவ்வளவு மருந்து உடம்புக்குள்ள விடணும்னு உங்க கணக்கைக் கேட்டுத்தான் விடுது."