தொண்ணூறு கிராம் பன்

"இந்த நோட்டுல இருக்கிறது உண்மைன்னா, இந்தப் பேப்பர்ல இருக்கிறது பொய்யாகணும். ரெண்டுல எது பொய்?"

பொருளாதார ஆசிரியர் ஒரு கையில் நோட்டையும் மறு கையில் அன்றைய நாளிதழையும் தூக்கிப் பிடித்திருந்தார். பாடப் புத்தகத்தைவிட நாளிதழைத்தான் அதிகம் புரட்டுவார் என்பதால், பன்னிரண்டாம் வகுப்பு அவருக்கு வைத்திருந்த பெயர் 'பேப்பர் சார்'.

எதிரே நின்ற மாணவிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'தராசு'. ஒன்றரை மாதமாகப் பள்ளி ஆய்வகத்தின் கையடக்கத் தராசைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறாள். எல்லாம் சார் கொடுத்த வேலைதான். ஆளுக்கொரு பொருளைத் தேர்ந்தெடுத்து, தினமும் அதன் விலையையும் எடையையும் குறித்து, அந்த வாரச் செய்தியோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். விலையை ஏற்றாமல் பொருளைச் சிறிதாக்கினாலும் அது விலையேற்றம்தான் என்று வகுப்பில் அடித்துச் சொன்னவர் அவர்.

தராசு எடுத்துக்கொண்டது தெருமுனை பேக்கரியின் பன். மாவு விலை ஏறுகிறது என்று நாளிதழ் வாரா வாரம் அலறியது. மற்றவர்களின் நோட்டில் சோப்பு இளைத்தது, பிஸ்கட் பாக்கெட்டில் இரண்டு குறைந்தது. இவள் நோட்டில் மட்டும் எண்பது கிராம் பன் எண்பத்தைந்தாகி, தொண்ணூறாகிக் கொழுத்திருந்தது. விலை அதேதான்.

தினமும் வாங்கிய இடத்திலேயே எடை போட்டதாக அவள் சொன்னாள்.

"நேத்து நானும்தான் எடை போட்டேன். அதே கடை, அதே பன். வீட்டுக்கு வாங்கிட்டுப் போய்ப் போட்டா அறுபது கிராம். யாருக்கும்மா காது குத்துற?"

வகுப்பு சிரித்தது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. இந்தத் திட்ட வேலைக்கு இருபது மதிப்பெண். பொய்க் கணக்கு என்று சார் முட்டை போட்டுவிட்டால், கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும் ஆசைக்கு அன்றோடு முழுக்குப் போட வேண்டியதுதான். கட்டணமில்லாத இடம் கிடைத்தால் மட்டுமே கல்லூரி என்று வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

"ஒரே ஒரு தடவை என்கூட வாங்க சார். உங்க கண்ணு முன்னாடியே போடுறேன். குறைஞ்சா முட்டை போட்டுக்கோங்க."

சாருக்கும் உள்ளூர ஓர் உறுத்தல். கேள்வி கேட்டே ஆளைத் துளைத்தெடுப்பவள். ஆனால் புளுகுகிறவள் இல்லை. வருகிறேன் என்றார்.

நான்கு மணிக்கு இருவரும் பேக்கரிக்குப் போனார்கள். வழக்கமாக அவள் அந்த நேரத்துக்கு வந்து பன் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். சார் வருவது ஐந்தரைக்கு. ஆறு வருட வாடிக்கை அவர். ஓரத்து மேசையில் டீயும் பன்னுமாக உட்கார்ந்து, வணிகச் செய்திப் பக்கத்துக்குள் தலையை விட்டால் அப்புறம் ஊரே இடிந்தாலும் தெரியாது. டீ ஆறிப்போகும். பன்னில் பாதி அப்படியே கிடக்கும்.

இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் பேக்கரிக்காரர் திருதிருவென்று விழித்தார். அலமாரியைத் தொடாமல் உள்ளே போய், ஆளுக்கொரு பன்னைத் தனித்தனித் தட்டில் கொண்டுவந்து வைத்தார்.

அவள் தன் பன்னைத் தராசில் வைத்தாள். தொண்ணூறு. சார் தன் பன்னை வைத்தார். அறுபது. தராசைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் அறுபதுதான். அலமாரியிலிருந்து தானே ஒரு பன்னை எடுத்து வைத்தார். எழுபத்தைந்து.

கணக்கு பிடிபடவில்லை. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை என்பது பிடிபட்டது. நாற்பது பேருக்கு முன்னால் அவளைத் தலைகுனிய வைத்ததை நினைத்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்கோம்மா," என்றார். நாளைக்கு வகுப்பிலும் இதையே சொல்வதாகச் சொல்லிவிட்டு, பேக்கரிக்காரர் பக்கம் திரும்பினார்.

பேக்கரிக்காரர் மென்று விழுங்கினார். மாவு விலை ஏறியதிலிருந்து எல்லாப் பன்னையும் எழுபத்தைந்துக்கு இறக்கிவிட்டதை முதலில் ஒப்புக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாப்பா தினம் வந்து ஒரே ஒரு பன்னு வாங்கும் சார். வாங்கினதும் எடை போட்டு நோட்டுல எழுதிக்கும். வீட்ல நாலஞ்சு பேருக்குச் சரியாப் பங்கு வைக்கணும் போலன்னு நினைச்சேன். கேட்டா சங்கடப்படும். அதான் நானா கொஞ்சம் கொஞ்சமா மாவைக் கூட்டிக்கிட்டே வந்தேன்."

தராசுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தப் பன்னை அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் நடந்துகொண்டே தின்று தீர்த்துவிடுவாள். பங்காவது ஒன்றாவது. ஆனாலும் தன்னைப் பற்றி ஒருவர் இத்தனை நாள் இப்படிக் கவலைப்பட்டிருக்கிறார் என்பதால், அன்றைய பன்னை மட்டும் பத்திரமாகப் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

சார் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருபதுக்கு இருபது போட்டு, கையெழுத்திட்டு அவளிடம் நீட்டினார். அப்புறமும் அவருக்கு மனம் ஆறவில்லை. எந்த நாளிதழிலும் படித்திராத பொருளாதாரமாக இருந்தது இது.

"எல்லாம் சரிங்க. மாவு விக்கிற விலைக்கு, அந்தப் பதினஞ்சு கிராமுக்கு எங்க போறீங்க? தினமும் நஷ்டம்தானே உங்களுக்கு?"

பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல சார். நீங்கதான் பேப்பரைப் படிச்சுக்கிட்டே தினமும் பாதியைத் தட்டுல வச்சிட்டுப் போயிடுறீங்களே... உங்க பன்னுலேருந்துதான் கிள்ளிக்கிறேன்."