ஆஸ்திரியா ராஜா மகளின் பங்கு
அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மயிலாப்பூர் வக்கீல் சபாபதி முதலியார், மீன்காரி கெங்கம்மா காயப்போட்ட நெத்திலியை பூட்ஸால் மிதித்துக்கொண்டு, கைத்தடியால் மணலில் கோடு கிழிக்கிறார். மோட்டாரில் கூட்டிவந்த சிநேகிதர்களுக்கு ஏதோ இருநூறு வருஷத்துப் பழைய சண்டையை விளக்குகிறாராம். "இந்தக் கரையில நவாப் படை, அந்தக் கரையில பிரெஞ்சுக்காரன்!" தடி பட்டு நெத்திலி நாலு பக்கமும் சிதறுகிறது. காக்கை ஓட்டும் கம்பை மடியில் வைத்துக்கொண்டு, காக்கையைப் பார்ப்பது போலவே அவரையும் பார்க்கிறாள் கெங்கம்மா. "இன்னாத்துக்கு சாமி சண்ட?" வக்கீலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஆஸ்திரியான்னு ஒரு தேசம். ராஜா செத்ததும் மகள் பட்டத்துக்கு வந்தாள். பொம்பளைக்கு ஏது பாத்தியதைன்னு ஆளாளுக்குப் பாய்ஞ்சான். அந்தச் சண்டை பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன் மூலமா இங்க வரைக்கும் வந்துடுச்சு. ஒரு பொம்பளைக்கு எவ்வளவு அநியாயம் பார்!" கெங்கம்மா வெற்றிலைச் சாற்றை அவர் கிழித்த கோட்டின் மேல் துப்புகிறாள். "நேத்து உங்க ஊட்டுக்கு மீன் குடுக்க வந்தேன். உன் தங்கச்சி, அப்பாரு சொத்துல பங்கு கேட்டு வாசல்ல நின்னுக்கினு இருந்துச்சி. கதவத் தெறந்தியா?" சிநேகிதர்கள் அவசரமாகக் கடலைப் பார்க்கிறார்கள். தடி அந்தரத்தில் நிற்கிறது. கெங்கம்மா கம்பை எடுத்து பூட்ஸைத் தட்டுகிறாள். "நெத்திலி மேலேர்ந்து கால எடு."